வெளிவராத விளையாட்டுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள்

தேவிகுளத்திலோ வட்டவடையிலோ வண்டிப்பெரியாற்றிலோ பிறந்து, அல்லது கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும் வளர்ந்து, இன்று பிழைப்பினிமித்தம் கோயம்புத்தூரிலும் கொச்சியிலும் பெங்களூரிலும் குடியிருக்கிற உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டு வாலிபப் பிள்ளை இப்போது எதற்காகக் காத்திருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியுமா? தேர்வு முடிவுக்காக, வேலைக்கான அழைப்புக்காக என்று நீங்கள் சொல்லக்கூடும். அவையும் உண்டு. ஆனால் அவற்றோடுகூட, இன்னும் வெளிவராத ஒரு கணினி விளையாட்டுக்காகவும் அவன் காத்திருக்கக்கூடும். அதன் பெயர் அவனுக்குத் தெரியும். அறிவிக்கப்பட்ட தேதி தெரியும். அந்தத் தேதி எத்தனை முறை தள்ளிப்போயிற்று என்பதும் தெரியும். அதன் முன்னோட்டக் காட்சியை நாற்பது முறையாவது பார்த்திருப்பான். நமக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

விளையாட்டுக்கு அடிமையாவதைக் குறித்து ஏராளமாக எழுதப்பட்டாயிற்று. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல. விளையாடுவதற்கு முன்பே, விளையாட்டு கடைக்கு வருவதற்கும் முன்பே, வருஷக்கணக்கில் நடக்கிற காத்திருப்பைப் பற்றியது. அந்தக் காத்திருப்பையே சரக்காக்கி விற்கும் பெரிய வணிகம் ஒன்று உலகத்தில் உண்டு. பெற்றோர் அதை விளங்கிக்கொள்வது நலம். ஏனெனில் அதற்கான முன்பணம் பெரும்பாலும் நம் சட்டைப்பையிலிருந்துதான் போகிறது.

திறந்த உலகம் என்பது என்ன?

மூணாறிலிருந்து மறையூர் வழியாக உடுமலைப்பேட்டைக்கு இறங்குகிற சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் ஏறினால் ஓட்டுநர் போகிற பாதையில்தான் நாமும் போகமுடியும். பழைய கணினி விளையாட்டுகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை. ஒரு கட்டம் முடித்தால் அடுத்த கட்டம், அது முடிந்தால் அதற்கடுத்தது. இப்போது அதே சாலையில் நடந்து போவதாக எண்ணிப்பாருங்கள். தலையாறில் நின்று தேயிலைக் காட்டுக்குள் திரும்பலாம். மறையூரில் சந்தனக் காட்டின் ஓரமாகப் போகலாம். கரும்பாலையில் வெல்லம் காய்ச்சுகிறவரோடு பேச்சுக் கொடுக்கலாம். அவர் ஒரு வேலை சொன்னால் செய்யலாம், முடியாது என்றும் சொல்லலாம். செய்யாமல் போனால், பிறகு ஒருநாள் நீங்கள் அந்த வழியே திரும்பி வரும்போது அவர் அதை நினைவில் வைத்திருந்து முகங்கொடுத்துப் பேசாமல் இருப்பார். இப்படிப் போக்குவரத்துக்குத் தடையில்லாத ஒரு முழு நிலப்பரப்பைக் கணினிக்குள் கட்டி, அதற்குள் நீங்கள் யார், உங்கள் குணம் என்ன, உங்கள் திறமை என்ன என்பதை நீங்களே தெரிந்தெடுத்து வாழும்படி விடுவதுதான் திறந்த உலகப் பாத்திரமேற்பு விளையாட்டு. அதை முடிக்க ஐம்பது மணி நேரம் ஆகலாம், இருநூறு மணி நேரமும் ஆகலாம். அதைச் செய்து முடிக்க நூற்றுக்கணக்கானோர் ஐந்து முதல் எட்டு வருஷம் உழைக்கிறார்கள். அத்தனை வருஷமும் கடன் வாங்கியும் முதலீடு திரட்டியும் சம்பளம் கொடுக்கவேண்டியிருப்பதால், நிறுவனங்கள் வேலை முடியுமுன்பே அதைக் குறித்து அறிவித்துவிடுகின்றன. அங்கேதான் நம் பிள்ளையின் காத்திருப்பு ஆரம்பமாகிறது.

காத்திருப்பது நமக்குப் புதிதல்ல. 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் பொன்னியின் செல்வன் தொடராக வந்த காலத்தில், அடுத்த வாரம் என்ன ஆகும் என்று வீட்டுக்கு வீடு பேசிக்கொண்டதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1997 அக்டோபரில் இங்கிலாந்து அரசி எலிசபெத் முன்னிலையில் சென்னையில் தொடங்கப்பட்ட மருதநாயகம் திரைப்படம் முடிவடையவே இல்லை. அதற்காகக் காத்திருந்தவர்கள் தலை நரைத்துப்போனார்கள். சபையிலே காத்திருப்புக் கூட்டம் என்று ஒன்றை வைத்திருக்கிற நாம், ஒரு வாலிபன் எதையோ எதிர்பார்த்து இரவில் விழித்திருப்பதை முழுப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிடக்கூடாது. எதற்காக, யாரை நம்பி, எவ்வளவு கொடுத்து என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

மலைக்கு வந்து சேருகிற பங்கு

எல்லைப்புறத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் காரியத்தில் ஒரு தனி நிலைமை உண்டு. பெரிய விளையாட்டு ஒன்று வெளியானால், கணினிக்கான அதன் விலை ஏறத்தாழ 3,000 ரூபாயோ அதற்கு மேலோ. 2015-ஆம் ஆண்டு மூணாறில் தோட்டத் தொழிலாளப் பெண்கள் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் வீதிக்கு வந்து போராடியதை நாடே பார்த்தது. அதன்பின் அவர்களுடைய நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. அந்தப் போராட்டத்தில் கிடைத்த கூலிக்குப் பத்து நாளாவது கொழுந்து எடுத்தால்தான் ஒரு விளையாட்டின் விலை சேரும். அதை ஓட்டுகிற கணினிக்கோ ஏறத்தாழ அரை லட்சம் ரூபாய் வேண்டும்.

பணம் இருந்தாலும் பிரச்சினை தீராது. நாம் அடுத்துப் பார்க்கப்போகிற சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டுக்கு, வெளியானபோது நிறுவனமே கேட்ட இடம் 70 ஜிபி. நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி தருகிற கைப்பேசித் திட்டத்தை வைத்து அதை இறக்கினால், வேறு எதற்கும் பயன்படுத்தாமலிருந்தாலும் 47 நாள் ஆகும். விநாடிக்கு நான்கு மெகாபிட் வேகமுள்ள இணைப்பு இடைவிடாமல் ஓடினால் ஏறத்தாழ 39 மணி நேரம். மழைக்காலத்தில் மூணாறு லயங்களில் மின்சாரம் 39 மணி நேரம் தொடர்ச்சியாக இருக்குமா என்பதை அங்கே வாழ்ந்த உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2021-இல் இராஜமலைப் பகுதிப் பிள்ளைகள் இணையவழி வகுப்புக்குச் சிக்னல் தேடி இரவிகுளம் தேசியப் பூங்கா வரை போய், சாலையோரத்தில் உட்கார்ந்து பாடம் கேட்ட செய்தி வெளியாயிற்று. பாடத்துக்கே அந்தப் பாடு.

பாலக்காட்டு எல்லையில் நிலைமை சற்று வேறு. வாளையாறு தாண்டினால் கோயம்புத்தூர். கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி. கல்லூரிக்கென்று வாங்கிய மடிக்கணினியும் விடுதி நண்பனின் இணைப்பும் அங்குள்ள பிள்ளைகளுக்கு எட்டும். ஆனாலும் இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பொதுவானது ஒன்று உண்டு: முன்னோட்டக் காட்சிக்குக் காசு வேண்டாம். மூன்று நிமிடக் காட்சி எந்தக் கைப்பேசியிலும் ஓடும். அதைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அந்த மலை எங்கே இருக்கும், அந்த நகரத்துக்கு எந்த வழியாய்ப் போகலாம் என்று நண்பர்களோடு வாதாடுவதற்கும் காசு வேண்டாம். விளையாட்டு வந்து சேராத இடத்துக்கும் காத்திருப்பு வந்து சேர்ந்துவிடுகிறது. பல பிள்ளைகளுக்கு அந்த விளையாட்டில் கிடைக்கிற பங்கே அவ்வளவுதான். இதை அறியாமல், "விளையாடக்கூட இல்லை, வெறுமனே பார்த்துக்கொண்டே இருக்கிறான்" என்று நாம் சலித்துக்கொள்கிறோம்.

எட்டு வருஷக் காத்திருப்பு

காத்திருப்பு எப்படி வளர்க்கப்படுகிறது, எப்படி விற்கப்படுகிறது என்பதற்குச் சைபர்பங்க் 2077-ஐப்போலத் தெளிவான உதாரணம் வேறில்லை. போலந்து நாட்டின் வார்சா நகரத்தில் 1994-இல் இரண்டு வாலிபர்கள் தொடங்கிய சிடி புரொஜெக்ட் என்ற நிறுவனம் அதைச் செய்தது. ஆரம்பத்தில் அவர்கள் அயல்நாட்டு விளையாட்டுகளை வாங்கி விற்கிறவர்களாயிருந்தார்கள். 1999-இல் பால்டர்ஸ் கேட் என்ற ஆங்கில விளையாட்டைப் போலந்து மொழியாக்கி, பெயர்பெற்ற போலந்து நடிகர்களைக்கொண்டு குரல் கொடுக்கச்செய்து விற்றார்கள். தாய்மொழியில் வந்ததால் அது அங்கே பெருவரவேற்பைப் பெற்றது. பிற்பாடு தங்கள் நாட்டு எழுத்தாளர் ஆந்திரே சப்கோவ்ஸ்கியின் கதைகளைத் தழுவி விட்சர் என்ற வரிசையை உண்டாக்கினார்கள். அதன் மூன்றாம் பாகம் 2015 மே மாதம் வெளியாகி உலகமெங்கும் நற்பெயர் பெற்றது. கொடுத்த காசுக்கு மேலாகவே தருகிறவர்கள் என்ற நம்பிக்கை அப்போது உண்டானது. சொல்லப்போனால் அவர்கள் பிற்பாடு விற்றது அந்த நம்பிக்கையைத்தான்.

சைபர்பங்கை 2012 மே மாதம் அறிவித்தார்கள். 2013 ஜனவரியில் சிறு முன்னோட்டம் ஒன்று வந்தது. அதன்பின் ஐந்து வருஷம் ஏறக்குறைய மௌனம். 2018 ஜூனில் மீண்டும் காட்டினார்கள். 2019 ஜூனில் கியானு ரீவ்ஸ் என்ற ஹாலிவுட் நடிகரையே மேடையேற்றி, 2020 ஏப்ரல் 16 அன்று வெளியாகும் என்றார்கள். 2020 ஜனவரியில் அந்தத் தேதி செப்டம்பர் 17-க்குத் தள்ளிப்போயிற்று. ஜூனில் நவம்பர் 19-க்குப் போயிற்று. அக்டோபர் முதல் வாரத்தில், வேலை முடிந்து குறுந்தகடு அச்சிடப்போய்விட்டது என்று அறிவித்தார்கள். இனித் தள்ளிப்போக வழியில்லை என்று எல்லாரும் நினைத்திருக்கையில், அந்த மாதக் கடைசியிலேயே மறுபடியும் டிசம்பர் 10-க்குத் தள்ளிவைத்தார்கள்.

இந்த இடத்தில் இரண்டு காரியங்களை நீங்கள் கவனிக்கவேண்டும். ஒன்று, உள்ளே உழைத்தவர்களின் பாடு. ஊழியரை மிதமிஞ்சி வேலை வாங்கக் கட்டாயப்படுத்தமாட்டோம் என்று 2019-இல் சொன்ன அதே நிறுவனம், 2020 செப்டம்பர் இறுதியில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை கட்டாயம் என்றது. மற்றொன்று, வெளியே காத்திருந்தவர்களில் சிலர் செய்தது. அக்டோபரில் தேதி தள்ளிப்போனவுடன், அந்த விளையாட்டைச் செய்துகொண்டிருந்த தொழிலாளருக்குக் கொலை மிரட்டல்கள் போயின. மூன்று வாரத் தாமதத்துக்காக, முகம் அறியாத ஒருவரைக் கொன்றுபோடுவேன் என்று எழுதினார்கள். எதிர்பார்ப்பை அளவுக்கு மீறி ஊதிப் பெருக்கினால் அது எவ்விடத்தில் போய் நிற்கும் என்பதற்கு இது சாட்சி. உங்கள் பிள்ளை அப்படிப்பட்டவன் அல்ல என்றே நம்புகிறேன். ஆனால் தேதி தள்ளிப்போன நாளில் அவன் எழுதுகிற வார்த்தைகளையும், அவன் சேர்ந்திருக்கிற கூட்டத்தார் எழுதுகிற வார்த்தைகளையும் ஒருமுறை பார்த்துவைப்பது தவறல்ல.

வெளியாகுமுன்பே 80 லட்சம் பேர் பணம் கட்டியிருந்தார்கள். ஆயினும் வாங்குகிறவர்களுக்குத் தெரியவேண்டிய ஒன்று மறைந்திருந்தது. விமர்சகர்களுக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்ட பிரதிகள் விலையுயர்ந்த கணினிகளுக்கானவை மாத்திரமே. 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய பழைய இயந்திரங்களில் அது எப்படி ஓடுகிறது என்று பார்க்க அவர்களுக்குப் பிரதி கொடுக்கப்படவில்லை. தாங்களே பதிவுசெய்த காட்சிகளை விமர்சனத்தில் காட்டவும் முதலில் அனுமதியில்லை. பழைய இயந்திரங்களிலும் நன்றாகவே ஓடுகிறது என்ற கருத்தை நிறுவனத் தலைமை நவம்பரில் தெரிவித்திருந்தது. டிசம்பர் 10 வந்தது. பழைய இயந்திரங்களில் படம் திக்கித் திக்கி ஓடிற்று. முகங்கள் தோன்றாமல் மங்கலாய் நின்றன, கார்கள் ஆகாயத்தில் தொங்கின, விளையாட்டே திடீர் திடீரென்று நின்றுபோயிற்று. ஒரு வாரத்துக்குள் சோனி நிறுவனம் அதைத் தன் இணையக் கடையிலிருந்து அகற்றி, கேட்டவர்களுக்கெல்லாம் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. 2021 ஜூன் 21 வரை அந்தக் கடையில் அது மீண்டும் வைக்கப்படவில்லை. இவ்வளவு பெரிய விளையாட்டுக்கு இப்படி நேர்ந்தது அபூர்வம்.

இந்தியாவில் இருந்தவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வேதனை. புதிய பிளேஸ்டேஷன் 5 இயந்திரம் அமெரிக்காவில் 2020 நவம்பரில் வந்துவிட்டது. நம் நாட்டுக் கடைகளுக்கு வந்ததோ 2021 பிப்ரவரி 2-இல்தான். ஆகவே அந்த டிசம்பரில், பிளேஸ்டேஷன் வைத்திருந்த நம்மூர்ப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லாருடைய கையிலும் இருந்தது பழையதுதான். மிக மோசமாக ஓடிய பிரதியே அவர்களுக்கு வாய்த்தது.

நிறுவனத்தார் 2021 ஜனவரியில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். மன்னிப்போடு நின்றுவிடாமல் ஏறக்குறைய மூன்று வருஷம் அதைச் செப்பனிட்டார்கள். 2023 செப்டம்பர் 21 அன்று வந்த 2.0 என்ற பெரிய திருத்தத்துக்குப் பின், அறிவிப்பில் வாக்குப்பண்ணியதற்கு அருகில் வந்துவிட்டது என்று முன்பு குறைசொன்னவர்களே ஒத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு அக்டோபருக்குள் இரண்டரைக் கோடிப் பிரதிகள் விற்றிருந்தன. இதற்கு அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். விற்ற பின் திரும்பிப் பாராதவர்கள் அந்தத் தொழிலில் உண்டு. ஆனால் 2.0 திருத்தம் பழைய இயந்திரங்களுக்குக் கொடுக்கப்படவில்லை. எல்லாருக்கும் முன்பாக, முழு விலையையும் கொடுத்து, பழைய இயந்திரத்தோடு காத்திருந்த பிள்ளைக்கு, காத்திருந்த பொருள் அந்த இயந்திரத்தில் கடைசிவரை வந்துசேரவில்லை. பொறுத்திருந்து வாங்கியவனோ தள்ளுபடி நாட்களில் பாதி விலைக்கு, சீர்ப்பட்ட பிரதியைப் பெற்றான்.

ஏன் இவ்வளவு பிழைகள் என்று கேட்பீர்கள். சோம்பலினால் அல்ல. கட்டம் கட்டமாகப் போகிற விளையாட்டில் பத்து வேலைகள் இருந்தால் அவை நடக்கிற வரிசை ஒன்றே. அந்த ஒரு வரிசையைச் சோதித்தால் போதும். திறந்த உலகத்தில் அதே பத்து வேலைகளை விளையாடுகிறவன் தன் இஷ்டப்படி எந்த வரிசையிலும் செய்யலாம். பத்து வேலைகளுக்கு எத்தனை வரிசைகள் என்று பள்ளிக்கூடக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 36,28,800. மெய்யான விளையாட்டிலோ பத்தல்ல, நூற்றுக்கணக்கான வேலைகள். எல்லாவற்றையும் சோதிக்க மனுஷனால் கூடாது. ஆகையால் திறந்த உலக விளையாட்டு எதுவும் வெளியாகும் நாளில் பிழையில்லாமல் வராது என்றே எண்ணிக்கொள்ளலாம். இது பெரியவர்களைவிட பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் முதல் நாளே வேண்டும் என்கிறார்கள், ஏனெனில் நண்பர்களெல்லாரும் அன்றைக்குப் பேசப்போவது அதைத்தான்.

முன்பணம்

முன்பதிவு என்ற வழக்கத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. கடைக்கு வருகிற குறுந்தகடுகள் சில நூறுதான். தீர்ந்துபோனால் அடுத்த சரக்கு வரும்வரை நிற்கவேண்டும். இப்போது இணையத்தில் இறக்கிக்கொள்கிற பிரதி ஒருபோதும் தீர்ந்துபோவதில்லை. அப்படியானால் முன்கூட்டிப் பணம் கட்டுவதால் யாருக்குப் பிரயோஜனம்? நிறுவனத்துக்கு. பணம் கைக்கு வருகிறது; இத்தனை லட்சம் பேர் கட்டிவிட்டார்கள் என்று முதலீட்டாளருக்குக் காட்ட எண்ணிக்கையும் கிடைக்கிறது. இதற்கு ஈடாக நம் பிள்ளைக்குக் கிடைப்பது விளையாட்டுக்குள் அணிந்துகொள்ள ஒரு சட்டை, அல்லது ஒரு வாள்.

ஆகவே இந்த ஒரு காரியத்தில் நான் உறுதியாகச் சொல்வேன்: முன்பணத்துக்கு மாத்திரம் இணங்காதீர்கள். வேண்டாம் என்று சொல்லவேண்டியதில்லை. "வந்து ஒரு மாதம் போகட்டும், அப்பவும் உனக்கு வேணும்னா வாங்கலாம்" என்று சொல்லுங்கள். சொன்னபடி அந்த ஒரு மாதம் கழித்து வாங்கியும் கொடுங்கள். பிள்ளை ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால், ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடையில் வெளியாகும் நாளுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் அதை ரத்துசெய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். வெளியான பின்பும் 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பிவரும். மற்றக் கடைகளின் விதிகள் கடைக்குக் கடை வேறுபடும். பணம் கட்டுமுன் படித்துக்கொள்ளுங்கள்.

வயதைப் பற்றியும் மறைக்காமல் சொல்லவேண்டும். சைபர்பங்கின் உறையிலே 18 என்ற எண் பெரிதாய் அச்சிடப்பட்டிருக்கிறது. கொலையும் நிர்வாணமும் கெட்ட வார்த்தைகளும் அதில் தாராளமாய் உண்டு. பதினான்கு வயதுப் பிள்ளையின் கையில் அதைக் கொடுக்க என்னால் கூடாது. நம் குடும்பங்களில் பலர் இருபது வயதிலும் வேண்டாம் என்பார்கள். திறந்த உலகம் என்றாலே இப்படித்தான் என்று எண்ணவேண்டாம். 2023 மே மாதம் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட செல்டா வரிசை விளையாட்டு, மலையும் ஆகாயமும் குகையும் நிறைந்த பெரிய திறந்த உலகம். ஐரோப்பியத் தரக்குறியீட்டில் அது 12 வயதுக்கு மேற்பட்டோருக்கானது.

சிலர் 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட இணைய விளையாட்டுச் சட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அந்தச் சட்டம் தடைசெய்தது பணம் வைத்து ஆடுகிற ஆட்டங்களை. விலைகொடுத்து வாங்கித் தனியே விளையாடுகிற இவை அந்தத் தடைக்குள் வருவதில்லை.

காத்திருப்பு நோயாகிவிட்டதோ என்று அஞ்சுகிற தாய்மாருக்கு ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப்பட்டியலில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று உண்டு. விளையாட்டின்மேல் கட்டுப்பாடு இழத்தல், மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதை வைத்தல், தீங்கு நேர்வதைக் கண்டும் விடாதிருத்தல் ஆகியவை சாதாரணமாகப் பன்னிரண்டு மாதங்களாவது காணப்படவேண்டும் என்று அது சொல்லுகிறது. முன்னோட்டக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்தக் கணக்கில் வராது. சாப்பாடு, தூக்கம், படிப்பு மூன்றும் மாதக்கணக்கில் குலைந்திருந்தால் 14416 என்ற இலவச எண்ணில் டெலி மானஸ் ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம். பெங்களூரில் இருப்பவர்களுக்கு நிமான்ஸ் மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே ஒரு தனிப் பிரிவு இருக்கிறது.

இனி, மிக நீண்ட காத்திருப்பு ஒன்றைச் சொல்லுகிறேன். எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற வரிசையில் ஐந்தாம் பாகமான ஸ்கைரிம் 2011 நவம்பர் 11 அன்று வெளியாயிற்று. பனிமலைகளும் ஊசியிலைக் காடுகளும் நிறைந்த உலகம் அது. ஆறு கோடிப் பிரதிகளுக்குமேல் விற்றதாக அதன் இயக்குநர் டாட் ஹோவர்ட் 2023-இல் சொன்னார். ஆறாம் பாகத்தின் அறிவிப்பு 2018 ஜூனில் வந்தது. அறிவிப்பு என்பது ஒரு நிமிடம்கூட இல்லாத காட்சி: மேகம் விலகுகிறது, பாறை மலைகள் தெரிகின்றன, தூரத்தில் ஒரு கரை, பிறகு பெயர். மனுஷர் யாரும் இல்லை, பேச்சும் இல்லை. அந்த மலைகளின் வடிவத்தையும் கரையின் வளைவையும் வைத்து, முந்தைய பாகங்களில் வந்த கற்பனைத் தேசப்படத்தோடு ஒப்பிட்டு, இது இன்ன தேசமாகத்தான் இருக்கவேண்டும் என்று உலகமெங்கும் உள்ள வாலிபர்கள் வருஷக்கணக்காக வாதித்துவருகிறார்கள். 2023 ஜூனில் அமெரிக்க நீதிமன்ற விசாரணை ஒன்றில், அந்நிறுவனத்தை வாங்கிக்கொண்ட மைக்ரோசாஃப்டின் விளையாட்டுப் பிரிவுத் தலைவர், அது வர இன்னும் ஐந்து வருஷமோ அதற்கு மேலோ ஆகலாம் என்றார்.

கணக்கிட்டுப் பாருங்கள். 2018 ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பிள்ளை அந்தக் காட்சியைப் பார்த்திருந்தால், 2025-இல் பள்ளிப்படிப்பையே முடித்துவிட்டான். லயத்தை விட்டு நீங்கள் நகரத்துக்கு வந்தது அதற்கிடையில் நடந்திருக்கலாம். அவன் வேறு பாஷையில் படிக்கத் தொடங்கியதும், பழைய சிநேகிதரை விட்டுப் பிரிந்ததும், தாத்தாவையோ பாட்டியையோ அடக்கம்பண்ணியதும் அதற்கிடையில்தான். குண்டுமலையில் இருக்கும் பழைய சிநேகிதனும் கோயம்புத்தூரில் இருக்கும் இவனும் இன்றைக்கும் மாறாமல் பேசிக்கொள்ள ஒரே விஷயம் அந்த வராத விளையாட்டாக இருந்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன். "இன்னும் அந்தப் பைத்தியம் விடலையா" என்று கேட்கிறவர்கள் இதையும் எண்ணிப்பார்க்கவேண்டும்.

நகரத்துக்குப் பெயர்ந்து வந்த குடும்பங்களைப் பற்றியே செய்யப்பட்ட விளையாட்டு ஒன்று இருக்கிறது என்பதை உங்களில் பலர் அறியாதிருக்கலாம். கனடாவின் டொரான்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட அதன் பெயர் வெண்பா. திறந்த உலகமல்ல, ஒரு சமையலறைதான். 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன தம்பதியர் வெண்பாவும் பாவலனும். அவர்களுடைய மகன் கவின் வளர வளரத் தமிழிலிருந்து விலகிப்போகிறான். தாய் கொண்டுவந்த சமையல் குறிப்பேடு கிழிந்து எழுத்து அழிந்திருக்கிறது. விடுபட்டதை ஊகித்து இட்லியும் புட்டும் செய்யவேண்டியவர் விளையாடுகிறவர். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விளையாட்டு விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டு என்ற பரிசு அதற்குக் கிடைத்தது. முடிக்க இரண்டு மணி நேரம் போதும். 70 ஜிபியும் வேண்டாம். பெரிய விளையாட்டுக்காகக் காத்திருக்கிற பிள்ளையோடு தாயும் உட்கார்ந்து விளையாடத்தக்கது. எந்தப் பாத்திரத்தை முதலில் அடுப்பில் வைக்கவேண்டும் என்று அவன் உங்களைக் கேட்பான்.

பெரிய வெளியீடுகளுக்குத் திரும்பினால், கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ வரிசையின் ஆறாம் பாகம் முதலில் 2025 என்றார்கள், பிறகு 2026 மே 26 என்றார்கள், 2025 நவம்பரில் 2026 நவம்பர் 19 என்று மாற்றினார்கள். அது குற்றவாளிகளின் கதை. அதன் முந்தைய பாகம் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கென்று முத்திரையிடப்பட்டது. உங்கள் பிள்ளை அதற்காகவோ வேறொன்றுக்காகவோ நாள் எண்ணிக்கொண்டிருந்தால், தேதி இன்னொருமுறை தள்ளிப்போனது என்று அவன் முகம் வாடி உட்கார்ந்திருக்கிற சாயங்காலம் ஒன்று வரத்தான் செய்யும். அன்றைக்கு "நான் அப்பவே சொன்னேனே" என்று ஆரம்பிக்காதீர்கள். எந்தத் தேதிக்குப் போயிருக்கிறது, என்ன காரணம் சொல்லியிருக்கிறார்கள், அதை அவன் நம்புகிறானா என்று கேளுங்கள்.